நல்லம்மாவின் மஞ்சள் நூல்

நூலை அறுத்துத் திரும்பச் சேர்க்கிற வித்தையில் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஒரு முழ நூலை எல்லார் கண் முன்னாலும் துண்டு துண்டாக அறுக்க வேண்டும். அதே அளவில் இன்னொரு நூலைப் பயறு மாதிரி சுருட்டி, முன்னமே பெருவிரல் இடுக்கில் வைத்திருக்க வேண்டும். துண்டுகளை உருட்டும்போது உருண்டையை மாற்றி, ஓர் ஊது ஊதி, மெல்ல இழுத்தால் முழு நூல் வரும். துண்டுகள் இடுக்குக்குள் போய்விடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டு வரைக்கும் நானும் இதைச் செய்தேன்.

அந்த நாளில் நான் துணி வியாபாரம். கண்டியில் சரக்கெடுத்து, திகன ஊரில் என் வீட்டில் மூட்டை கட்டி, பஸ் போகிற வரை பஸ்ஸிலும் மிச்சத்தைக் காலாலும் ஏறி, ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டங்களில் விற்பேன். தோட்டத்துச் சனம் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலில் மூட்டையைப் பிரித்தால் யாரும் வருவதில்லை. நூலை அறுத்தால் வருவார்கள். வந்தவர்கள் ஒரு துண்டு துணியாவது பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் வித்தை காட்டிய மறுநாள் காலை, கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் நல்லம்மா. தேயிலைச் செடியை மட்டம் குறைத்துக் கவ்வாத்து வெட்டுகிற பழனியாண்டியின் பெண்சாதி. ஆறு மாதக் கர்ப்பம்.

"மர்சூக் நானா, நேத்து அறுந்த நூல ஒட்டுனீங்களே. அது நெசந்தானா?"

"கண்ணால பாத்தீங்கதானே, தங்கச்சி."

அவள் கையை விரித்தாள். மஞ்சள் நூல் ஒன்று இரண்டாக அறுந்து கிடந்தது. முன்னே இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்தே செத்ததால், இந்தத் தடவை கோடங்கியிடம் போயிருக்கிறார்கள். அவர் உடுக்கடித்துக் குறி பார்த்து, ஏழு முடிச்சுப் போட்டுக் கையில் கட்டிவிட்டு, பிள்ளை பிறக்கும் வரை இது அறக்கூடாது, அறுந்தால் பிள்ளை தங்காது என்று சொல்லியிருக்கிறார். அன்று காலை அது தேயிலை வாதில் மாட்டி அறுந்துவிட்டது.

"நேத்து வரைக்கும் உள்ள ஒதைச்சிச்சு. இது அறுந்ததுல இருந்து அசையல நானா. அவருக்குத் தெரிஞ்சா என்னயக் கொன்னே போட்டுருவாரு."

இது கண்கட்டு, தங்கச்சி. மூன்றே சொல். சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்த இரக்கத்தில்தான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அரைவாசிதான் உண்மை. என்னை ஒருத்தி நிஜமான மந்திரக்காரன் என்று நம்பிவிட்டாள். அந்த ருசிதான் மிச்ச அரைவாசி.

"நாளைக்கு மத்தியானம் வாங்க. மந்திரத்துக்கு ஒரு நாள் வேணும்" என்றேன்.

ஒரு நாள் வேண்டியிருந்தது மந்திரத்துக்கல்ல, மஞ்சளில் தோய்த்த நூல் காய்வதற்கு. அந்த மலையில் பனிக்குள் எதுவும் லேசில் காயாது. தேத்தண்ணிக் கடை அடுப்போரம் வைத்துக் காயவிட்டு, ஏழு முடிச்சுப் போட்டுச் சுருட்டிக்கொண்டேன்.

மறுநாள் அவளுடைய நூலை வாங்கி ஐந்து துண்டாக்கினேன். உருட்டினேன். ஊதினேன். இழுத்தேன். ஏழு முடிச்சோடு முழு நூல் வந்தது. அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"இனி அறாதுன்னு சத்தியம் பண்ணுங்க நானா. நீங்க எதுக்குப் பயப்படுவீங்களோ அது மேல பண்ணுங்க."

"வல்லாஹி, இனி அறாது" என்றேன்.

அல்லாஹ்வின் பேரில் ஆணை. ஆள் மௌத்தான வீட்டில்கூட யோசித்துச் சொல்ல வேண்டிய சொல். நான் தேத்தண்ணிக்குச் சீனி கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

திரும்பும் வழியில் கெண்டைக்காலில் ஓர் அட்டை ஏறியது. பிடுங்கினேன்; வரவில்லை. உப்பு வைத்தேன், சுண்ணாம்பு வைத்தேன், சுருட்டு நெருப்பால் சுட்டேன். திகன வரை கூடவே வந்தது. மூன்றாம் நாள் செத்தது. செத்தும் விடவில்லை.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்த ஒரு வாடிக்கைக்காரருக்குச் சீத்தைத் துணி இரண்டு கெஜம் கிழித்தேன். கிர்ரென்று போனது. அதே கிர்ரோடு திரும்பி வந்தது. துணி முழுசாக என் மடியில் கிடந்தது. இன்னொரு தரம் கிழித்தேன். வந்த மனிதர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஸலாம்கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார். அதன்பிறகு நான் உடுக்கிற சாரமும் துவட்டுகிற துவாயும் மட்டும் விற்றேன். அவற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

நான் தொட்டது எதுவும் அறவில்லை. நல்லம்மாவின் பழைய நூல் மட்டும் மடிப்பையில் ஐந்து துண்டாகவே கிடந்தது. அதை முடிந்து பார்த்தேன். முடிச்சு நழுவியது. எட்டுத் தரம் முடிந்தேன், எட்டுத் தரமும் நழுவியது. மேலே போய்ச் சொல்லப் பயந்து மூன்று மாதம் கீழேயே இருந்தேன்.

கடைசியில் என் பெண்சாதி சகீனா பிடித்துவிட்டாள். நான் தைத்த சட்டைப் பித்தானின் நூலைக் கடிக்க முடியாமல் அவள் பல் ஆடியது.

"என்னத்தச் செஞ்சிட்டு வந்தீங்க?"

சொன்னேன். 'வல்லாஹி' என்ற இடம் வந்ததும் அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"கண்கட்டுக்கா வல்லாஹி சொன்னீங்க? அந்தப் பொண்ணுக்கு இப்ப எத்தன மாசம்?"

"ஒன்பது முடிஞ்சிருக்கும்."

"ஒங்க நூலக் கையில கட்டிக்கிட்டுப் பிள்ள பெத்தா தொப்புள்கொடிய எப்பிடி அறுப்பாங்க?"

மறுநாள் விடியவே மூட்டையோடு புறப்பட்டேன். மத்தியானம் லயத்தை அடையும்போது பனி இறங்கி, எதிர் லயம் தெரியவில்லை. வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஆளில்லை. வேலைக்குப் போகாமல் சனமெல்லாம் பழனியாண்டி வீட்டு வாசலில் நின்றது. பழனியாண்டி கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான்.

வாசலில் தொங்கிய சாக்குப் படுதாவுக்கு உள்ளேயிருந்து மருத்துவச்சி ராக்கம்மாவின் குரல் வந்தது.

"மூணு தரம் அறுத்துட்டேன்டா பழனியாண்டி. மூணு தரமும் ஒட்டிக்கிச்சு. காலையில ஒருக்கா அழுதிச்சு, அதோட சரி. நீலம் பாயுது."

"தள்ளு ஆத்தா. நான் அறுக்குறேன்."

"கத்திய உள்ள கொண்டாந்தின்னா ஒன்னய அறுத்துருவேன், போடா!"

நான் படுதா ஓரம் போய் நின்றேன். "தங்கச்சி, நான் மர்சூக். ஒங்க நூல் அன்னைக்கு ஒட்டல. அறுந்தது அறுந்ததுதான். நீங்க கட்டியிருக்கிறது என்ட நூல்."

"பொய்யி" என்றாள் நல்லம்மா. "நான் பாத்தேன்."

நம்ப மாட்டேன் என்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தேன். படுதாவை ஒரு சாண் விலக்கச் சொல்லி, நனைந்த கையோடு, மடிப்பையில் கிடந்த அந்த ஐந்து துண்டை வைத்தே வித்தையை இன்னொரு தரம் செய்தேன். இந்தத் தடவை பெருவிரலை விரித்துக்கொண்டு. ஒளித்த உருண்டை இது, மாற்றுகிற இடம் இது, அன்று இப்படித்தான் என்று ஒவ்வொன்றாக. பிறகு ஐந்து துண்டு மஞ்சள் நூலையும் ராக்கம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதை நல்லம்மாவின் கண்ணருகே கொண்டுபோனாள்.

நல்லம்மா ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். ஏழு முடிச்சையும் விரலால் தடவினாள். பிறகு தன் கையில் கிடந்த நூலைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளும் எம்புள்ளைக்குக் காவலே இல்லயா?"

படுதா இடுக்கு வழியே என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பண்ணுன சத்தியத்த நீங்களே எடுங்க" என்றாள்.

"வல்லாஹி சொன்னது பொய்" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவள் நூலைப் பல்லில் கவ்வி இழுத்தாள். டப் என்று ஒரு சத்தம். எனக்கு அது ஹுன்னஸ்கிரிய மலை முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. ராக்கம்மா நாலாம் தரம் அறுத்தாள்.

ஒட்டவில்லை. பிள்ளையின் சத்தமும் வரவில்லை. ராக்கம்மா அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவது படுதா இடுக்கில் தெரிந்தது. ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்கிற நேரம். யாரோ மாரியம்மா என்றார்கள். நான் எனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதி, தெரியாததிலும் பாதி ஓதினேன். அப்புறம் அழுதது. நல்ல கரடுமுரடான குரல். பெண் பிள்ளை.

சனம் கலைந்தது. பழனியாண்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். கத்தி அவன் கையிலேயே இருந்தது.

"கையக் காட்டுங்க நானா."

இரண்டு கையையும் நீட்டினேன். பிடித்துப் புரட்டினான். உள்ளங்கை, புறங்கை, பெருவிரல் இடுக்கு. இடுக்கில் கத்தி முனையை வைத்து மெல்ல விரித்து, ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டான். பிறகு விட்டான்.

"போங்க" என்றான்.

அந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் வெறும் 'போங்க' என்று அனுப்புவதில்லை. போயிட்டு வாங்க என்பார்கள். மிச்சச் சொல் வருமா என்று வாசலில் கொஞ்சம் நின்றேன். வரவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கினேன்.