நூறாவது கோட்டை

"காலப் பாத்து வைங்க அண்ணி. நீங்க விழுந்தா அண்ணன் என்னைத்தான் திட்டுவான்" என்றாள் சுமியே.

என் கணவர் நொபுஹிகோ இறந்து நான்கு மாதமாகிறது. அவருடைய தங்கைக்கு இன்னும் அவர் திட்டுகிற மனிதர்தான். மலையில் கரடி அண்டாதிருக்க அவள் பையில் கட்டியிருந்த மணி படிக்குப் படி ஒலித்தது.

என் பையில் அவருடைய முத்திரைப் புத்தகம் இருந்தது. நூறு கோட்டைகள், கோட்டைக்கு ஒரு பக்கம். போய் வந்ததற்கு அடையாளமாக அங்கங்கே வைத்திருக்கும் முத்திரையைக் குத்திக்கொள்ள வேண்டும். முப்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்ணூற்றொன்பதை முடித்திருந்தார். விடியற்காலையில் உப்புப் பிளம் வைத்துச் சோற்றுருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். அவர் ஒருநாளும் நீயும் வா என்று சொன்னதில்லை. மிஞ்சிய ஒரே பக்கம், எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரிகிற இந்த மலையினுடையது.

"அத உங்களுக்குன்னுதான் வெச்சிருந்தான் அண்ணி. ரெண்டு பேருமா போகணும்னு" என்று இறுதிச் சடங்கன்று சுமியே சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் அவருக்காக அழ முடிந்தது.

உச்சியில் கற்சுவர்களும் புல்லும் மட்டும். தகரப் பெட்டிக்குள் முத்திரையும், வருகிறவர்கள் எழுதுகிற நோட்டும் இருந்தன. அவர் பெயரையும் என் பெயரையும் சேர்த்து எழுத நினைத்து நோட்டைப் புரட்டினேன்.

வலப்புறம் சாய்ந்த அவருடைய எழுத்து. அக்டோபர். ஜூன். அதற்கும் முந்தைய ஏப்ரல். எல்லாம் தூரத்துக் கோட்டைகளின் பெயரைச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிப்போன ஞாயிறுகள். கடைசியாக எழுதியிருந்தார்: 'இன்றும் முத்திரை குத்தவில்லை. புத்தகம் முடிந்துவிட்டால், வீட்டை விட்டு வர வேறு என்ன காரணம் சொல்வது?'

தலை நிமிர்ந்தேன். இங்கிருந்து எங்கள் வீட்டுக் கூரை தெளிவாகத் தெரிந்தது.

"அண்ணன் எழுத்தா? என்ன எழுதியிருக்கான்?" சோற்றுருண்டையைப் பிரித்தபடி கேட்டாள் சுமியே.

"வெயில் நல்லா இருக்குன்னு."

"அவ்வளவுதானா! இந்தக் கல்லுங்க அவனைவிட நல்லாப் பேசும்."

புத்தகத்தைக் கல்லின்மேல் விரித்து, முத்திரையை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினேன்.

"ஐயோ, தலைகீழா குத்திட்டீங்களே அண்ணி!"

முத்திரையிலிருந்த கோட்டைப் படம், கற்சுவர் மேலேயும் வானம் கீழேயுமாக விழுந்திருந்தது. மை காய்வதற்குள் புத்தகத்தை மூடினேன்.