ஆரஞ்சுக்கு நீலம்

முடியைக் கீற்றுக் கீற்றாக வெளுத்துச் சாயம் போட்டுக்கொண்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளுக்குக் கண்ணாடி பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது. அழகு நிலையத்திலிருந்து வந்த அன்று சாம்பல் கலந்த பழுப்பாக மின்னிய கீற்றுகள், வெயிலும் குழாய்த் தண்ணீரும் பட்டுப் பட்டு, நுனியில் மஞ்சளும் காதோரத்தில் ஆரஞ்சுமாக மாறியிருந்தன. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடையது. பல்லைக் காட்ட வந்தவர்கள் எல்லாரும் தன் தலையையே பார்ப்பதாக அவளுக்குப் பட்டது.

போன வாரம் வீட்டுக்கு வந்த நாத்தனார் வேறு, "என்ன அண்ணி, தலைக்கு எண்ணெய் வைக்கிறதே இல்லையா? ஒரேயடியா செம்பட்டை பாஞ்சு கெடக்கு" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கணவர் மட்டும் வாயே திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தல். அவர் கார் பட்டறையில் பெயின்ட் கலக்குபவர். நசுங்கிய கதவை நிமிர்த்தி அவர் கலந்த வண்ணத்தை அடித்துவிட்டால், எந்தக் கதவு அடிபட்டது என்று கார்க்காரருக்கே தெரியாது. அப்பேர்ப்பட்ட கண்ணுக்குக் கட்டின பெண்டாட்டியின் தலை மட்டும் தெரியாமல் போயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே களத்தில் இறங்கினாள். மஞ்சளைப் போக்கும் என்று கடையில் கொடுத்த ஊதா நிற ஷாம்பூவைத் தலையெல்லாம் தேய்த்தாள். மூன்று நிமிடம் போதும் என்று புட்டியில் போட்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் பண்ணினாள். பக்கத்து வீட்டு நாய் செருப்பு திருடுகிற கதையைத் தங்கை சொல்லி முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது.

அலசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தவளுக்குப் பகீர் என்றது. நுனியெல்லாம் கத்தரிப்பூ நிறம். காதோரத்து ஆரஞ்சு மட்டும் அசைந்துகொடுக்காமல் அப்படியே இருந்தது. துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

சவரம் செய்ய வந்த கணவர் அறை வாசலிலேயே நின்றார். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகாததுக்கா மூஞ்சி இப்படி இருக்கு? துண்டை எடு, பாக்கலாம்."

எடுத்தாள். அவர் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து ஜன்னலோரம் கூட்டிப்போனார். "பல்பு வெளிச்சம் பொய் சொல்லும். இங்க நில்லு." ஒரு கற்றையை விரலில் விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊதா மஞ்சளைத்தான் அடக்கும். ஆரஞ்சுக்கு நீலம் வேணும்."

"உங்க கார் பெயின்ட்டைக் கொண்டாந்து என் தலையில ஊத்தப் போறீங்களா?"

"ஊத்தினா பத்து வருஷத்துக்கு வெளுக்காது." சொல்லிவிட்டு, கற்றையிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தார். "மூணாவது வாரமே நுனி மஞ்சளாயிடுச்சு. அப்புறம் இடது காதுப் பக்கம் ஆரஞ்சு ஏறிச்சு. வலது பக்கம் போன புதன்கிழமைதான்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "எல்லாம் தெரிஞ்சுதான் கம்முனு இருந்தீங்களா?"

"நீ ஆசையா போட்டுக்கிட்டது. நான் வாயத் தொறந்தா நல்லால்லன்னு சொல்றேன்னு எடுத்துப்ப. எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துது."

"அதையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்தான்" என்று பின்கழுத்தைச் சொறிந்தார். அவளுக்குக் கோபப்படத்தான் ஆசை, சிரிப்பு முந்திக்கொண்டது.

அவர் கடைக்குப் போய், அங்கிருந்த புட்டியை எல்லாம் எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, நீல நிறக் கண்டிஷனரும் சின்னத் தூரிகையுமாக வந்தார். அதற்குள் அவள் சாதாரண ஷாம்பூ போட்டு இரண்டு முறை அலசியிருந்தாள். கத்தரிப்பூ நிறம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

"மொத்தமா தடவிடலாமா?"

"அவசரப்படாத. ஒரு மூலையில அடிச்சுப் பாக்காம முழுக் கதவுல கை வைக்கவே மாட்டேன்."

காதுக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் படாத ஒரு சின்னக் கற்றையில் தடவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடத்தில் துடைத்துப் பார்த்தார்; ஆரஞ்சு இன்னும் தலைகாட்டியது. மறுபடி தடவி இன்னும் மூன்று நிமிடம் விட்டார். பழுப்பு வந்தது. பிறகுதான் வேலை தொடங்கியது. பட்டறையில் வண்ணம் படக்கூடாத இடத்தைக் காகிதம் ஒட்டி மறைப்பதைப்போல, ஒழுங்காக இருந்த கீற்றுகளை அலுமினியத் தாளில் மடித்து ஒதுக்கினார். ஆரஞ்சு பாய்ந்த இடத்தில் மட்டும் தூரிகை ஓடியது. பட்டறையில் அவர் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. மூச்சுக்கூட மெதுவாக விடுகிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உங்க காரெல்லாம் இப்படித்தான் பொறுமையா உக்காருமா?"

"அதுங்க பேசாது. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

ஏழாவது நிமிடம் அவரே தலையை அலசிவிட்டார். அன்று யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை. மதியம் ரொட்டியும் அவித்த முட்டையுமாக மொட்டைமாடிக்குப் போனார்கள். காய்ந்து வந்த முடியில் கீற்றுகள் இளம்பழுப்பாக, அங்கங்கே தேன் கலந்த மாதிரி தெரிந்தன. அழகு நிலையத்துச் சாம்பல் சாயல் திரும்பவில்லை. சட்டைப் பையில் இருந்த கைக்கண்ணாடியை அவர் நீட்ட, அவள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இடது பக்கம் இன்னும் லேசா ஆரஞ்சு தெரியுது. இன்னும் ரெண்டு நிமிஷம் வச்சிருக்கணும். அடுத்த வாரம் சரி பண்ணிடலாம்" என்றார், விரல் நகத்தில் ஒட்டிய நீலத்தைச் சுரண்டியபடி.

"வேண்டாம், விடுங்க. எனக்கு இது பிடிச்சிருக்கு" என்று சொல்லி, கடைசி ரொட்டித் துண்டில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள்.