ஆபா வந்த வண்டி

ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கு வைத்திருந்த ரஷீத் அஹமதுவுக்குக் கெட்ட பழக்கம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, யாரோடும் வம்பு தும்பு இல்லை. வண்டி வாங்குவார், அவ்வளவுதான். அந்த ஒன்றே அவர் மனைவி முனவ்வர் பேகத்துக்கு ஆயுளுக்கும் போதுமானதாக இருந்தது. மொத்தம் நான்கு வண்டிகள். நான்கில் எது ஒசத்தி, எது மட்டம் என்று அவள் மனசுக்குள் ஒரு வரிசை வைத்திருந்தாள். மட்டம் என்ற இடத்துக்கு மட்டும் எப்போதும் போட்டி பலமாக இருந்தது.

முதலாவது, பச்சைத் தோல் ஏற்றும் மாட்டு வண்டி. கல்யாணம் முடிந்து வாலாஜாபேட்டையிலிருந்து பெண்ணை அழைத்துவர அந்த மகராசன் அதைத்தான் கொண்டுவந்தார். கழுவித் துடைத்து, பட்டு ஜமக்காளம் விரித்து, ஒரு கூடை மல்லிகைப்பூ கட்டியிருந்தார். வேலூர் தாண்டுவதற்குள் மல்லிகை தோற்றுவிட்டது. புதுப்பெண் பள்ளிகொண்டா வரை வழிநெடுக வாந்தி எடுத்தாள். தெருவில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கல்யாண வண்டிக்கு வழிவிட்டார்கள். இனி செத்தாலும் இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று அவள் அன்றைக்கே ஆணையிட்டாள். இரண்டு வருஷம் நச்சரித்த பிறகு, அந்த வண்டியையும் மாடுகளையும் அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆற்காட்டு வேலாயுதத்துக்கே விற்றார். வேலாயுதம் சொந்த ஊரோடு போய், ஆற்காட்டுச் சந்தைத் தோலை ஆற்றைத் தாண்டி ராணிப்பேட்டைக் கிடங்குகளுக்கு ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

வண்டி போனது, வாடை போகவில்லை. ஆம்பூரே அப்படித்தான். சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் ஊறுகிற தோலுமாகக் காற்று கனத்துக் கிடக்கும். ஆறு மாசத்தில் முனவ்வருக்கு மூக்கு பழகிவிட்டது. வாடையா, எங்கே என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். அந்த ஊர்க்காரர்கள் எல்லாருமே அப்படிக் கேட்பவர்கள்தான்.

அதற்குள் வாலாஜாவில் அவளுடைய அம்மா இறந்துபோனாள். தங்கைகள் இருவர், அன்வரி பெரியவள், வஹீதா நாலு வயசுக் குழந்தை. வஹீதாவை முனவ்வர் ஆம்பூருக்குத் தூக்கிவந்து எட்டு வருஷம் வளர்த்தாள். அக்காவை ஆபா ஆபா என்று கூப்பிட்டபடி இடுப்பை விட்டு இறங்காத குழந்தை அது. பன்னிரண்டு வயசில் அப்பா வந்து வாலாஜாவுக்கு அழைத்துப் போனபோது இருவரும் அழுத அழுகையில் தெருவே கலங்கியது. அதன் பிறகு முனவ்வர் எப்போது வாலாஜாவுக்குப் போனாலும், வஹீதா ஓடிவந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆபா மேல ஆம்பூர் வாசனை அடிக்குது என்பாள். போடி லூசு என்று முனவ்வர் தள்ளிவிடுவாள்.

இரண்டாவது வண்டி ஜட்கா. அது வஹீதா ஆம்பூரில் இருந்த காலத்தில் வாங்கியது. வண்டியில் பழுது இல்லை, குதிரையில்தான். அது மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த குதிரை. கொட்டுச் சத்தம் கேட்டால் போதும், கழுத்தை வளைத்து, காலைத் தூக்கி வைத்து, அதன் பின்னாலேயே போகும். லகானாவது ஒன்றாவது. அன்வரியின் நிக்காஹ் வேலூரில் சித்தப்பா வீட்டில் நடந்தது. பள்ளிகொண்டாவில் இரவு தங்கி, மறுநாள் காலை வேலூர் கடைவீதிக்குள் நுழைந்தார்கள். எங்கேயோ பேண்டு முழங்கியது. குதிரை நிமிர்ந்தது. சுற்றிலும் திரை கட்டிய ஜட்காவுக்குள் இருந்த முனவ்வருக்கு என்ன தெரியும்? வண்டி நின்றது, பெண்கள் வந்து கையைப் பிடித்து இறக்கினார்கள், பன்னீர் தெளித்தார்கள், முக்காட்டில் குனிந்திருந்த கல்யாணப் பெண்ணிடம் கொண்டு உட்காரவைத்தார்கள். முனவ்வர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அரைமணி நேரம் அழுதாள். அந்தப் பெண்ணும் கூடவே அழுதது. முக்காட்டை விலக்கிக் கண்ணைத் துடைக்கப் போனபோதுதான் அது அன்வரி இல்லை என்று தெரிந்தது. அந்தப் பெண்ணின் அம்மா வேறு பக்கத்திலேயே ஆரோக்கியமாக நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அன்வரி இன்று வரை அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

மூன்றாவது சைக்கிள். வாங்கிய மூன்றாம் நாள் அவர் அதோடு சுண்ணாம்புத் தொட்டிக்குள் போய், புருவம் முதல் பாதம் வரை வெள்ளையாக வீடு வந்தார். முனவ்வர் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்துவிட்டாள். தன்னை ஏறச் சொல்லாத வண்டி என்பதால் அவள் வரிசையில் அதற்குத்தான் முதலிடம்.

நான்காவதுதான் மோட்டார். வேலூரில் ஊரைக் காலிசெய்துகொண்டு சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் வாங்கினார். மேலே மடக்குகிற துணிக்கூரை, முன்னால் பித்தளை விளக்கு. சீட்டு மட்டும் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. சென்னையில் போய்ப் புதுசாகத் தைத்துக்கொள்ளலாம் என்று தோஸ்துகள் சொன்னார்கள். ரஷீத் அஹமதுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. லண்டனுக்குத் தோல் அனுப்புகிறவன் வண்டிக்கு இன்னொருத்தன் தோலா? கிடங்கில் பாதி பதனிட்டு, புங்க எண்ணெய் தடவி, சீமைக்கு மூட்டை கட்ட வைத்திருந்த தோலில் பொறுக்கி எடுத்த ஆறு உருப்படிகளைக் கொண்டு அங்கேயே சீட்டுத் தைக்கச் சொன்னார். அது பாதித் தோல்தான், மீதிப் பதம் சீமையில் போய்த்தான் ஏறும் என்பது ஆம்பூரில் குழந்தைக்கும் தெரியும். வாடை அடிக்கும் என்பதுதான் ஒருவருக்கும் தோன்றவில்லை. யாருக்கு மூக்கு இருந்தது?

சீட்டு தயாரான வாரத்தில்தான் வஹீதாவின் நிக்காஹ் வந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும். முனவ்வர் பத்து நாள் முன்பே போய் அம்மா ஸ்தானத்தில் நின்றிருக்க வேண்டியவள். பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை போட்டுவிட்டது; அது இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. வியாழக்கிழமைதான் தண்ணீர் ஊற்றினார்கள். வெள்ளி காலை ரயிலுக்குப் போவதென்று பெட்டியைக் கட்டி வைத்தாள். ஒரு தங்கை கல்யாணத்தைத் தவறவிட்டாயிற்று, இதையும் விட்டால் தான் மனுஷியே இல்லை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"ரயிலு மத்தவங்க வண்டி. மோட்டாரு நம்ம வண்டி. மூணே மணி நேரம்" என்றார் ரஷீத் அஹமது. அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அன்வரியின் மாமியார் வீட்டார் முன்னால் மோட்டாரில் போய் இறங்க முனவ்வருக்கும் ஆசை. அந்த ஆசைதான் அவளைக் கெடுத்தது.

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுக் கிளம்பினார்கள். பின்சீட்டைச் சுற்றிப் பச்சைத் திரை. முன்னால் ரஷீத் அஹமது. பத்து நாள்தான் ஓட்டப் பழகியிருந்தார். முந்தின நாள் இரவு பெய்த மழையில் கூரை ஒழுகி சீட்டு ஊறிப்போயிருந்தது. வெயில் ஏற ஏற அதிலிருந்து எண்ணெய் கசிந்து மினுமினுத்தது. வண்டி பறந்தது. முனவ்வருக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் வெளியே ஏதோ இரைச்சல் கேட்டது.

"இன்னாங்க சத்தம்?"

"ஜனங்க மோட்டாரப் பாத்து சந்தோஷப்படுறாங்க."

சந்தோஷப்பட்டவர்கள் குரைத்தார்கள். திரையை விலக்கிப் பார்த்தாள். ஒன்பது நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டு ஓடிவந்துகொண்டிருந்தன. அணைக்கட்டுப் பக்கத்தில் பதினான்காயின. வேலூர்க் கோட்டை அருகே ஒரு மாட்டு மந்தைக்காக வண்டி நின்றபோது, செவலை நாய் ஒன்று திரைக்குள் பாய்ந்து, சீட்டில் ஒரு கவளம் கடித்து எடுத்துக்கொண்டு இறங்கியது. ரஷீத் அஹமது திரும்பிப் பார்த்து, நாய்க்குக்கூட நல்ல தோல் எது என்று தெரிகிறது பார் என்று பெருமைப்பட்டார். முனவ்வர் குடைக்கம்பால் விரட்டினாள். ஒரு ஊர் நாய்கள் களைத்து நின்றால் அடுத்த ஊர் நாய்கள் பொறுப்பை வாங்கிக்கொண்டன. கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள், சிரித்துத் தொலைத்தாள்.

ஆற்காட்டில் பாலாற்றைத் தாண்டும்போது சிரிப்பு நின்றது. ஆற்றில் மணல்தான் ஜாஸ்தி, நடுவில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர். அதில் இறங்கிய மோட்டார் ஒருமுறை கனைத்துவிட்டு, அச்சு வரை மணலில் புதைந்து உட்கார்ந்தது. ரஷீத் அஹமது இறங்கித் தள்ளினார். ஆட்டினார். அதனிடம் கெஞ்சினார். நாய்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தன. வெயில் உச்சிக்கு ஏறியது. ஆற்காட்டுப் பக்கமிருந்து ஜும்மாவுக்கான பாங்கு ஒலி மிதந்து வந்தது.

முனவ்வருக்கு வஹீதாவை நாலு வயசில் தூக்கிவந்ததெல்லாம் கண்முன் வந்தது. அந்தப் பிள்ளை தாயில்லாமல், ஆபாவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதே என்று வாய்விட்டு அழுதாள். அப்போதுதான் மணலில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமைச் சந்தைத் தோலை ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டைக்குப் போகிற வேலாயுதம். மாடுகள் மாறியிருந்தன. வண்டி அதேதான். உப்புப் போட்ட பச்சைத் தோல் மலைபோலக் குவிந்திருந்தது. அதன் மேல் ஈ மொய்த்து ஒரு மேகமே கூட வந்தது.

"இன்னா சாயபு, நடு ஆத்துல உக்காந்துக்கினு?" என்றான் வேலாயுதம்.

ரஷீத் அஹமது மோட்டாரைக் கட்டி இழுக்க முடியுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். முனவ்வர் அதற்குள் தண்ணீரில் இறங்கி நடந்து, சக்கரக் கட்டையில் காலை வைத்து, ஜரிகைப் புடவையும் புர்காவுமாகத் தோல் குவியலின் உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பதினாறு வருஷத்து ஆணை பாலாற்றோடு போயிற்று.

"வேலாயுதம், தோலு அப்பறம் போவட்டும். மொதல்ல வாலாஜா."

"மோட்டாரு?" என்றார் ரஷீத் அஹமது.

"அதப் பாத்துக்க ஆளு இருக்குதே" என்று கரையில் இருந்த நாய்களைக் காட்டினாள்.

வண்டி நகர்ந்தது. ரஷீத் அஹமது மோட்டாரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி மோட்டாரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பின்னால் தொற்றி ஏறினார். வேலாயுதம் மாட்டு வாலை முறுக்கிய முறுக்கில் அவை ராணிப்பேட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி குலுங்கக் குலுங்க, தோல் சரியச் சரிய, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். முனவ்வருக்குக் கண்ணீர் காயுமுன்பே மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அவள் கல்யாண நாளில் போனதைவிட வேகமாக அன்று அந்த வண்டி போயிற்று.

வாலாஜாவில் தெருமுனையிலேயே கூட்டம் நின்றது. ஆண்கள் தாடியைத் தடவிக்கொண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நிக்காஹ் முடிந்துபோயிற்றா, அல்லது ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறிப்போய் முனவ்வர் கூட்டத்தை எட்டிப் பார்த்தாள். வாசலில் நின்ற அன்வரி, அக்கா எந்த வண்டியில் வந்திருக்கிறாள் என்பதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டே விஷயத்தைக் கொட்டினாள்.

பெண்ணிடம் சம்மதம் கேட்க, வழக்கப்படி பெண் சார்பில் பேசும் வக்கீலாக நின்ற மாமா அப்துல் ஹமீதும் இரண்டு சாட்சிகளும் திரைக்கு வெளியே வந்து நின்றார்களாம். பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது வஹீதாவுக்கும் தெரியும். அதனால் தெருவுக்கே கேட்கும்படி, ஆபா வரட்டும் என்று சொல்லிவிட்டாளாம். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் தடவை கேட்டதற்கும் அதே பதில். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கிவிட்டது. அன்வரிக்கு நடந்த மாதிரிதான், உன் ஆபா வரமாட்டாள் என்று பெரியவர்கள் எடுத்துச் சொல்லிப் பார்த்தும் பலனில்லை. இப்போது மூன்றாம் தடவை கேட்க உள்ளே போயிருக்கிறார்கள்.

முனவ்வர் உள்ளே ஓடினாள். பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் விலகினார்கள். அத்தனை கூட்டத்தில் அவளுக்கு இவ்வளவு அகலமான வழி அதுவரை கிடைத்ததில்லை. அறை வாசலில் வந்து நின்றாள். மூச்சு இரைத்ததில் பேச வரவில்லை. சிவப்பு முக்காட்டுக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள் வஹீதா. திரைக்கு அந்தப் பக்கம் மாமா மூன்றாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குரலில் கெஞ்சல் வந்துவிட்டது.

முக்காடு அசைந்தது. தலை மெல்ல நிமிர்ந்தது. வஹீதா ஒருமுறை மூச்சை இழுத்தாள். நம்பாதவள்போல இன்னொரு முறை ஆழமாக இழுத்தாள். அவள் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாள் என்று நினைத்து ஒரு அத்தை முதுகைத் தடவப் போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபா வந்துட்டாங்க மாமு" என்றாள் முக்காட்டுக்குள்ளிருந்து. "சம்மதம்னு சொல்லிடுங்க."

மாமா வெளியே ஓடினார். முனவ்வர் தங்கையின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். வஹீதா முக்காட்டோடு அப்படியே அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"முகத்தை மூடிக்கினு இருந்தியே, நான் வந்தது எப்படிடி தெரிஞ்சுது?"

வஹீதா இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சுற்றி இருந்த பெண்களும் மூக்கைப் பொத்திய கையோடு சிரித்தார்கள். முனவ்வர் தன் முந்தானையை எடுத்து மூக்கருகில் வைத்து நன்றாக முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.