பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்த என்ஜினீயர்

குங்குமம் வைத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் சிலர் இன்னும் அது பியூன் வேணுவின் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1986 ஆயுத பூஜை. எங்கள் பெண்கள் பள்ளியில் தையல் மிஷின், ஆய்வகத் தராசு, வாசல் மணி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியாகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். இரண்டு வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து வந்த ஒற்றைக் கம்ப்யூட்டர். ஒரு சின்ன டிவி, அதன் முன்னால் டைப்ரைட்டர் மாதிரி ஒரு பெட்டி, அவ்வளவுதான். கணக்கு டீச்சர் என்பதால் என் தலையில் கட்டியிருந்தார்கள். கட்டியவர்களுக்கு மனதுக்குள் எத்தனையோ முறை கும்பிடு போட்டிருக்கிறேன். மற்றவற்றுக்கெல்லாம் ஒரு பொட்டு, இதற்கு மட்டும் கீ வரிசைக்கு ஒன்றாக நாலு. பிரியம் ஜாஸ்தியாகிவிட்டது. சந்தனத்தையும் தண்ணியாகக் கரைத்திருந்தேன்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் பாதி கீ அழுந்தவில்லை, அழுந்தியவை எழும்பவில்லை. ஊசியால் நோண்டினேன். மீதியும் போயிற்று.

பிளஸ் ஒன்னில் பதினோரு பெண்கள் அந்த ஒரு மிஷினில் முறை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ரசியா பேகம், நட்சத்திரக் குறிகளை அடுக்கித் திரையில் எங்கள் ஊர் அண்ணாமலையைச் செய்து, உச்சியில் ஒரே ஒரு குறியை மட்டும் தீபம் மாதிரி மின்ன வைத்திருந்தாள். அதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏன் டீச்சர் அழுவுறீங்க?" என்று கேட்டவளைத் திட்டி உட்கார வைத்தேன்.

கம்பெனிக்கு எழுதினேன். நாலு வரியில் பதில் வந்தது. அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம். உதிரி பாகமும் கிடையாது, சர்வீஸும் கிடையாது. புது மாடலின் விலைப்பட்டியல் இணைப்பில். கீழே கையெழுத்து, எஸ். கோதண்டராமன், சர்வீஸ் என்ஜினீயர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று பக்கம் பதில் எழுதினேன். இரண்டு வருடத்தில் கைவிடுவதற்கா பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டேன். கடைசிப் பக்கத்தில் குங்குமத்தை ஒப்புக்கொண்டு, "தப்பு என்னுடையது. பதினோரு பெண்களைத் தண்டிக்காதீர்கள்" என்று முடித்தேன்.

தலைமையாசிரியை சரோஜா சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று நாங்கள் கேலி செய்வோம். லாக் புக்கை என் முன்னால் விரித்துப் போட்டார்.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் இதுல சர்வீஸ் பண்ணவங்க கையெழுத்து இருக்கணும் டீச்சர். இல்லாத மிஷினை வருஷக் கடைசில கண்டெம் பண்ணிடணும். பழைய இரும்போட ஏலத்துல போயிடும். அப்புறம் அந்த ரூம்ல தையல் கிளாஸ்தான். நான் என்னா பண்றது, சொல்லுங்க?"

டிசம்பர் பிறந்தது. தீபம் முடிந்து கூட்டம் இன்னும் ஊரை விட்டுக் கலையவில்லை. பௌர்ணமி அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் பை, காலில் பளபளவென்று கறுப்பு ஷூ.

"கோதண்டராமன்ங்க. மூணு பக்கம் திட்டி எழுதினீங்களே, அந்த ஆளு."

அவர் பையிலிருந்து ஒரு பழைய கீபோர்டை எடுத்தார். யாரோ திருப்பிக் கொடுத்த மிஷினில் கழற்றியதாம். அரை மணி நேரத்தில் திரை வெளிச்சமானது. ரசியாவின் மலையை ஓட்டிக் காட்டினேன். உச்சியில் மின்னிய குறியை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மாடல் போர்டெல்லாம் நான் உக்காந்து சோல்டர் வெச்சதுங்க. எல்லாரும் பழசைக் குடுத்துட்டுப் புதுசு கேக்கறாங்க. இதையே சரி பண்ணிக் குடுங்கன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

சரோஜா லாக் புக்கோடு வந்தார். கோதண்டராமன் தயங்கினார். "கம்பெனி பேர்ல நான் போட முடியாதும்மா. கம்பெனி இந்த மாடலை விட்டுடுச்சு. எம்பேர்ல வேணா போடறேன்."

"லாக் புக்கு சரி பண்ண ஆளு கையெழுத்துதான் கேக்குது. அவருக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்கன்னு கேக்கலை. போடுங்க" என்றார் சரோஜா. சட்டப் புத்தகத்துக்குள் இப்படி ஒரு மனசு இருப்பது அன்றுதான் தெரிந்தது. "ஆனா மூணு மாசம் கழிச்சு?"

கோதண்டராமன் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். "நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்த வர்றவன்ங்க. போற வழியில எட்டிப் பாத்துட்டுப் போறேன்."

பஸ் சார்ஜாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். "மலை சுத்த வர்றவன் யாராவது பஸ் சார்ஜ் வாங்குவானா?" என்று சிரித்தார்.

சொன்னபடி வந்தார். ஒரு பௌர்ணமி தவறவில்லை. ஒருமுறை பவர் சப்ளை, ஒருமுறை புரோகிராம்களைப் பதிந்து வைக்கும் கேசட் ரெக்கார்டர், ஒன்றும் இல்லாவிட்டால் தூசி தட்டிவிட்டுக் கையெழுத்து. பதினோரு பெண்களும் படித்து முடித்துவிட்டு அடுத்த பதினான்கு பேருக்கு இடம் விட்டார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு மேஜைக் காலில் மட்டும் பொட்டு வைத்தேன். சாமி கும்பிடுவதில் அவ்வளவாக ஒட்டாத நான், பிரகாரத்தில் நின்று அண்ணாமலையாருக்கு நன்றி சொன்னேன். மலை இல்லாவிட்டால் இந்த மனுஷன் எதற்கு இங்கே வரப்போகிறார்?

1988 மாசிப் பௌர்ணமி அன்று, நடக்கும்போது சாப்பிடட்டும் என்று புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தேன். கொடுப்பதற்குள் அவர் கிளம்பிவிட்டார். ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போக வேங்கிக்கால் பஸ் பிடிக்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், புறப்படத் தயாராக நின்ற மெட்ராஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் கோதண்டராமன்!

"சார், மலை சுத்தலையா?"

பிடிபட்ட பையன் மாதிரி விழித்தார். "இல்லீங்க."

"இன்னைக்கு மட்டுமா?"

"என்னைக்குமே இல்லீங்க. முட்டி தேஞ்சு போச்சு. பதினாலு கிலோமீட்டர் எங்க நடக்கறது?"

"அப்ப ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"மிஷினுக்காக வர்றேன்னா, எதுக்கு சார் உங்களுக்கு சிரமம், இனிமே வர வேணாம்னுடுவீங்க. மலைக்காக வர்றேன்னா யாரு வேணாம்பாங்க?"

அவருடைய ஷூவைப் பார்த்தேன். வெறுங்காலோடு சுற்றுகிற மலைக்கு, பௌர்ணமி தவறாமல் பாலிஷ் போட்ட ஷூவோடு வந்திருக்கிறார். கணக்கு டீச்சருக்கு அது உறைக்கவில்லை. இப்போது கணக்குப் போட்டேன். பதினாறு பௌர்ணமி. வர ஐந்து மணி நேரம், போக ஐந்து மணி நேரம். நான் வேறு யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பஸ் நகரத் தொடங்கிவிட்டது. டிபன் டப்பாவை ஜன்னல் வழியே அவர் மடியில் வைத்தேன். "டப்பாவை அடுத்த பௌர்ணமிக்கு எடுத்துட்டு வாங்க சார்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. கையை ஆட்டிக்கொண்டே போனார்.

வேங்கிக்கால் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து நாற்பது வயது வரை ஒருமுறைகூட மலை சுற்றாதவள் நான். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்தேன்.

அடி அண்ணாமலை வருவதற்குள் பாதம் எரிந்தது. ஓரமாக உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, சுண்டல் விற்ற அம்மாள் தண்ணீர் கொடுத்தார்.

"என்னாம்மா வேண்டுதலு?"

"வேண்டுதல் ஒண்ணும் இல்லைங்க. மெட்ராஸ்ல ஒருத்தரு சுத்த வேண்டியது. அவருக்கு முட்டி வலி" என்றேன். "மொத்தம் பதினாறு சுத்து. இது மொதலாவது."