பாலத்தடித் தோட்டத்து முப்பத்தொரு பேர்

பாலத்தடித் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது கேட்டில் மீரா முகைதீன் கொடுக்க வேண்டியது போலீஸ் பெர்மிட். கொடுத்தது, கட்சிக்குச் சேர்த்த ஆட்களின் பெயர்ப் பட்டியல். இரண்டும் ஒரே சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தன. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் கையை நீட்டியபோது மீரா முகைதீன் தன் தொந்தியைத் தட்டி, இதற்கும் தனியாக ஒரு பெர்மிட் எழுதி வாங்கணுமா என்று அரைகுறை மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். காவலர் துப்பாக்கி குலுங்கச் சிரித்தார். ஒருத்தரைச் சிரிக்க வைத்துவிட்டால் மீரா முகைதீனுக்குத் தலைகால் புரியாது. கைக்கு வந்த காகிதத்தை உருவிக் கொடுத்தார். காவலருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தாலும் அந்தச் சிரிப்பில் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். மற்ற காகிதங்களோடு சேர்த்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்.

ஊரடங்குக்கு முன்னால் கடைசி பஸ்ஸைப் பிடித்து, பத்தாங் பெர்ஜுந்தாயில் இருந்த தன் டீக்கடைக்கு வந்து சட்டையைக் கழற்றினார். பெர்மிட் சமர்த்தாகப் பையில் இருந்தது. பட்டியலைத்தான் காணவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் போய்க் கேட்டபோது காகிதம் கணக்கெழுதும் கிராணியின் மேசைக்குப் போய், அங்கிருந்து வெள்ளைக்காரத் துரையின் மேசைக்கும் போயிருந்தது.

மலாயாவில் ஐம்பத்து நாலாம் வருஷம் அது. அவசரகாலம் தொடங்கி ஆறு வருஷம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. சனங்கள் கையில் அடையாள அட்டை, வாயில் பூட்டு. சந்தேகம் என்று ஒன்று வந்தால் வழக்கில்லாமலே ஆளைத் தடுப்புக் கேம்பில் போடலாம். இதற்கு நடுவே மறு வருஷம் தேர்தல் என்றார்கள். மீரா முகைதீனின் கட்சி எதிர்க்கட்சி. அந்த ஊர்க் கிளையில் ஐந்து உறுப்பினர்கள், ஆறு பதவிகள். மிச்சமிருந்த பதவியையும் இவரே வைத்துக்கொண்டார். நாகூரில் பிறந்தவர் என்பதால் அவருக்கு ஓட்டு கிடையாது. கிளைச் செயலாளருக்கே ஓட்டில்லாத ஒரே கட்சி நம்முடையதுதான் என்று டீ ஆற்றிக்கொண்டே பெருமையடித்துக்கொள்வார்.

கோலாலம்பூரிலிருந்து வரும் அமைப்பாளர் சிவானந்தம் சொன்ன வியூகம் எளிமையானது. டவுன் ஓட்டும் மலாய்க் கிராமமான கம்பத்து ஓட்டும் பெரிய கூட்டணிக்குப் போய்விடும். நமக்கு மிச்சம் தோட்டம். தோட்டத்துச் சனங்களில் பாதிப் பேருக்குக் குடியுரிமை இல்லை. இங்கேயே பிறந்தவர்களைத் தேடிப் பிடித்து, கடைசித் தேதிக்குள் வாக்காளர் பட்டியலில் ஏற்றிவிட்டால் போட்டி உண்டு. வாயால் வாக்குக் கொடுப்பவனை நம்பாதீர்கள், பெயர் எழுதிக் கைநாட்டு வாங்குங்கள், கைநாட்டு வைத்தவன் மாறமாட்டான். சிவானந்தம் இதைச் சொன்னபோது மீரா முகைதீனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த மந்திரிசபைக்கு டீ யார் கடையிலிருந்து போகும் என்பதுவரை யோசித்துவிட்டார்.

பாலத்தடியில் அந்த முப்பத்தொரு பேரையும் சேர்த்தது சன்னாசி என்கிற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. அங்கேயே பிறந்தவன், தோட்டப் பள்ளியில் படித்தவன், எழுத்து முத்து முத்தாக இருக்கும். பெயர்களையெல்லாம் அவன்தான் எழுதினான். கடைசியில் தன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனான். வெறும் பெயர் மொட்டையாக நிற்கிறது, கீழே ‘தோட்டப் பொறுப்பாளர்’ என்று போடு, தலைமையகத்தில் பார்த்தால் ஒரு கெத்து என்று மீரா முகைதீன்தான் வற்புறுத்தினார். அவரை எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்; எதுக்கு நானா அதெல்லாம் என்று அவன் நெளிந்தான். பிறகு போட்டான்.

பட்டியலில் இருந்தவர்களை ஆபீசுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒருவரையும் அதட்டவில்லை, வேலையிலிருந்து நிறுத்தவுமில்லை. கட்சியாமே, நல்லதுதானே என்று மட்டும் கேட்டார்களாம். பயப்பட அதுவே போதுமானதாக இருந்தது. நாலாம் நாள் போலீஸ் ஜீப் வந்து சன்னாசியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

மீரா முகைதீன் கடையை மூடிவிட்டு கோலசிலாங்கூர் போலீஸ் நிலையத்துக்குப் போனார். விசாரணை என்றார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, விசாரணைக்கு என்றார்கள். பெரிய கிராணி வீரசிங்கம் தபால் போட டவுனுக்கு வந்தபோது அவரை மடக்கினார். யாழ்ப்பாணத்து மனிதர், ஒரு வார்த்தையும் சிந்தாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு ஒண்டும் தெரியாது பாருங்கோ. துரை கேட்டார், நான் வாசிச்சுக் காட்டினனான். அவ்வளவுதான்.”

“அந்தக் காகிதத்தாலதான் பிடிச்சாங்களா, அதை மட்டும் சொல்லுங்கய்யா.”

“அதுக்கும் இதுக்கும் நீங்கள் ஏன் முடிச்சுப் போடுறியள்,” என்று சொல்லிவிட்டு வீரசிங்கம் தபாலே போடாமல் திரும்பிப் போனார்.

தோட்டத்து ஆட்கள் கடைக்கு வந்தால் முன்னைவிட மரியாதையாகப் பேசினார்கள். அதெல்லாம் ஒண்ணுமில்ல நானா, அவன் நேரம் நானா, வந்துருவான் நானா. பழைய நாளில் டீயில் சீனி கம்மி என்று சட்டை பிடிப்பவர்கள், கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போனார்கள். மீரா முகைதீனுக்கு அந்த மரியாதை பிடிக்கவில்லை. நாலு பேர் கெட்ட வார்த்தையில் திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினார்.

வாக்காளர் பதிவின் கடைசி நாளன்று பள்ளிக்கூடத்து வாசலில் அவர் காலையிலிருந்து நின்றார். பட்டியலில் மிச்சமிருந்தவர்களை ஏற்றிவர ஒரு லோரியும் அனுப்பியிருந்தார். மத்தியானம் லோரி வந்தது. டிரைவரும், அவர் வழியில் ஏற்றிக்கொண்ட ஒரு ஆட்டுக்குட்டியும் இறங்கினார்கள். ஆட்டுக்குட்டியாவது இங்கே பிறந்ததுதானே, பதிந்துவிடலாமா என்று மீரா முகைதீன் கேட்டார். டிரைவர் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் பதிவு மேசையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். தோட்டத்து ஓட்டு என்று ஒன்று இனி அந்தத் தேர்தலில் கிடையாது.

அடுத்த வாரம் சிவானந்தம் வந்தார். அவர் முகம் வாடவேயில்லை. வியூகத்தை மாற்றிவிட்டேன் தோழரே என்றார். தோட்டம் போனால் போகட்டும். சன்னாசியின் பெண்சாதியை மேடையில் உட்கார வைப்போம். அவள் பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும். டவுன் சனம் கண்ணீர் விடும், ஐந்நூறு ஓட்டு நிச்சயம். அவளிடம் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு. மீரா முகைதீன் தலையாட்டினார். எதற்கும் தலையாட்டிப் பழகிய தலை.

அவளைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறிய நேரத்தில், சன்னாசியின் மனைவி நவமணி கோலசிலாங்கூர் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தோட்டத்துப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கடை ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. சன்னாசிக்கென்று கொண்டுபோன வேட்டியும் துண்டும் மடிப்புக் கலையாமல் அதிலேயே இருந்தன.

மீரா முகைதீன் டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எதிரில் நின்றார். மேடை, மாலை, டவுன் சனம் எல்லாவற்றையும் எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

“பாத்தியா தங்கச்சி?”

“இல்ல நானா. வேற கேம்புக்கு அனுப்பிட்டாங்களாம். எந்தக் கேம்புன்னு சொல்லல. ரெண்டு வருசம் ஆவும்னாங்க.”

ஒத்திகை பார்த்ததெல்லாம் அவருக்கு மறந்து போயிற்று.

அவள் டீயைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். போன தடவை போலீஸ் நிலையத்துக்குப் போனபோது ஒரு அதிகாரி மேசைமேல் அந்தக் காகிதத்தை விரித்து வைத்திருந்தாராம். தமிழ் தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இருந்தாராம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யாருடைய எழுத்து என்று தெரியும். புருஷன் எழுத்துதானே என்று கேட்டார்கள். அவன் எழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்களே, அந்தப் பெருமையில் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். கீழே இருந்த வரியைக் காட்டி, இவன்தான் இதற்கெல்லாம் பொறுப்பு என்று எழுதியிருக்கிறான் பார் என்றார்களாம்.

மீரா முகைதீன் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். உள்ளே யாரோ டீ கேட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

“தங்கச்சி, ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீ மனசுல உள்ளதச் சொல்லு. சன்னாசி உள்ள போனது என்னாலதானா?”

நவமணி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

“ஆமா நானா,” என்றாள். “உங்களாலதான்.”