ஜன்னலைப் பார்த்த அம்புக்குறி

பிசின் நகர்ந்த வேகத்தைப் பார்த்தால் நத்தைக்கே கோபம் வந்திருக்கும். கார்பன் நூலில் நெய்த சதுரத் துணியை அச்சுக்குள் வைத்து, ஒரு ஓரத்திலிருந்து பிசினை விட்டிருந்தார்கள். பதினாலாவது நிமிடம் அது மறுஓரத்தைத் தொடும் என்று ஆராய்ச்சி மாணவி வேர்லேயின் கணினி சொல்லியிருந்தது. தொட்டதோ இருபத்துமூன்றில்.

“உன் கம்ப்யூட்டருக்கு ஜுரமா வேர்லே?” என்றான் கோயன். பெல்ஜியத்தின் லூவன் நகரத்து அந்த ஆய்வுக்கூடத்தில் அச்சு வேலையெல்லாம் அவன் பொறுப்பு, கிண்டலும்தான்.

வேர்லேவுக்குச் சிரிப்பு வரவில்லை. துணிக்குள் ஒவ்வொரு நூலும் எப்படி ஏறி இறங்குகிறது, நடுவே எவ்வளவு இடைவெளி என்று கணினியில் அப்படியே உருவாக்க அவளுக்கு நான்கு வருடம் பிடித்திருந்தது. பேராசிரியர் ஹில்ட வந்து பார்த்தார்.

“நாளைக்குள்ள காரணம் தெரியலைன்னா ஆய்வேட்டுலேர்ந்து இந்த அத்தியாயத்த எடுத்துடும்மா. அப்புறம் பட்டம் அடுத்த வருஷந்தான்.”

நல்ல மனுஷி. ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

மத்தியானம் முழுக்க வேர்லே கணினியைக் குடைந்தாள். ஒரு தப்பும் அகப்படவில்லை. கடைசியில், இறுகிப்போன பலகையில் நெட்டுவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என இரண்டு சீவல் அறுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். பிசின் போன திசையில் நூல்கள் நேராகக் கிடக்க வேண்டும். இங்கே அவை அலை அலையாக நெளிந்தன. குறுக்கே போனவைதான் நேராக இருந்தன.

துணி கால் வட்டம் திரும்பிக் கிடந்திருக்கிறது!

“கோயன், துணிய எப்படி வெச்ச?”

“அம்புக்குறி பாத்துத்தான். அம்பு போட்ட புண்ணியவதி யாரு? நீதான?”

அவள்தான். சுருளின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் திசையில் அம்பு போடுவது வழக்கம். அங்கே துணிச்சுருள் எப்போதும் ஜன்னலைப் பார்த்துத்தான் விரியும் என்பதால், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் அம்பு போட்டுவிடுவார்கள். துணி வெட்டிய அன்று கோயனுக்குப் பிறந்தநாள். பாதி மேசையைக் கேக் பிடித்துக்கொண்டதில் வேர்லே சுருளைக் குறுக்கே விரித்தாள். அம்பை மட்டும் பழக்க தோஷத்தில் ஜன்னல் பக்கமே போட்டாள். சதுரத் துண்டு, எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி. யாருக்குத் தெரியும்?

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குதித்தாள். “முட்டாள் நான்தான்! என் மாடல் இல்ல, நான்தான்!”

“தப்பு பண்ணிட்டு இப்படிக் கூத்தாடுறவள இன்னிக்குத்தான் பாக்குறேன்,” என்றான் கோயன்.

மறுநாள் காலை, மீதித் துணியைத் திருத்தி வைத்துப் பிசினை விட்டார்கள். ஹில்டவின் கையில் கடிகாரம். பத்து நிமிடம். பன்னிரண்டு. பதினாலு நிமிடம், ஆறு விநாடி: தொட்டுவிட்டது.

“ஆறு செகண்ட் எங்க போச்சு?” என்றார் ஹில்ட, முகத்தில் சிரிப்பே காட்டாமல். பிறகு அவராலேயே அடக்க முடியவில்லை. “சரி சரி, வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறிச்சிடலாமா?”

வேர்லே பேராசிரியரை அப்படியே கட்டிக்கொண்டாள்.

“அடியே, கையுறையக் கழட்டிட்டுக் கட்டிப்பிடி! என் புதுக் கோட்டெல்லாம் பிசின்!”