ரெண்டு குழுவையும் சேர்த்துவிட்டால்

சேர்த்துவிட்டால்தான் என்ன, தலையா போய்விடும், பத்துப் பேரையும் ஒரே வட்டமாக உட்கார வைத்தால் இந்த அறை கொள்ளாதா, அந்த அலமாரியைக் கொஞ்சம் தள்ளினால் தாராளமாகக் கொள்ளும்... வார்டு சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், போட்ட வேகத்தில் அதிலேயே உட்கார்ந்தும் விட்டாள். ஆபரேஷன் தியேட்டர் அக்கா இப்போதுதான் போனை வைத்தாள். "ஆபரேஷன் இழுத்துக்கிட்டே போகுதுடீ, நான் வர முடியாது, என் குழுப் பிள்ளைங்களையும் நீயே பாத்துக்கோ." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அவளுடைய பிள்ளைகளாம். அதில் ஒருத்தி யார் வயிற்றில் பிறந்தவள் என்று அக்காவுக்குத் தெரியாதா?

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு மூத்த நர்ஸோடு மனசுவிட்டுப் பேச வைக்கலாம் என்பது இவளுடைய யோசனைதான். மேட்ரனிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த அறையை வாங்கியது, டியூட்டியை முன்னே பின்னே மாற்றி எல்லோருக்கும் ஒரே நேரத்தை ஒழித்துக் கொடுத்தது, எல்லாம் இவள்தான். சொந்தக்காரர் ஒரே குழுவில் இருக்கக் கூடாது என்ற விதியும் இவள் போட்டதுதான், பெரிய நீதிபதி மாதிரி... மகளுக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு நாக்கு பேசிவிடக் கூடாதே என்று மகளை அக்கா குழுவில் போட்டாள். அன்றைக்கு எந்தப் பேய் பிடித்து ஆட்டியதோ! "உன் பொண்ணு என்னமா பேசறா தெரியுமா, சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுடுச்சு" என்று அக்கா வந்து சொல்லும்போதெல்லாம், அப்படியாக்கா என்று சிரித்துவிட்டு, ஸ்டோர் ரூமுக்குப் போய் அடுக்கின பஞ்சையே திரும்ப அடுக்குவாள். வீட்டில் பேசினால் வாயில் முத்து உதிர்ந்துவிடும். டியூட்டி எப்படிம்மா போச்சு? போச்சு. சாப்பிட்டியா? ம். முகம் ஒரு மாதிரி இருக்கே? ஒண்ணுமில்லம்மா... அறைக் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்துவாள், அதுதான் இன்னும் வலிக்கும், அடித்துச் சாத்தினாலாவது ஒரு சண்டை போடலாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் பேசுவதைக் காது குளிரக் கேட்க வேண்டும், முதல் ஊசி போட்டபோது கை நடுங்கியதா, எந்த டாக்டர் திட்டினார், எங்கே போய் அழுதாள்... ஊருக்கெல்லாம் தெரிகிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வாய்ப்பு தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. விதியாவது ஒன்றாவது, அவசரத்துக்கு ஏது விதி? ஆனால் இவளைப் பார்த்ததும் அவள் வாயை மூடிக்கொண்டால்? அத்தனை பேர் முன்னால் அந்த ம்... அதை எப்படித் தாங்குவது?

கதவு திறந்தது. மகள் இல்லை, இவளுடைய குழுவில் எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் பெண். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நேற்று ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளி போய்விட்டாராம், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடியே போய்விட்டாராம். சொல்லி, அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்ககிட்ட சொன்னப்புறம்தான் மூச்சே வருது சிஸ்டர்" என்றாள். வேறொரு நாளாக இருந்தால் இந்த ஒரு வார்த்தைக்கே இவளுக்கு உச்சி குளிர்ந்திருக்கும்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"ஐயோ, அம்மாகிட்டயா! கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டேன். சொன்னா அவங்க தூங்கவே மாட்டாங்க சிஸ்டர்."

எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி, என் பொண்ணு என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறாளே என்று உருகிக்கொண்டிருப்பாள், அவளுக்கு வர வேண்டியதெல்லாம் இங்கே இவளிடம் கொட்டிக் கிடக்கிறது... அப்படியானால் தன் மகளும் அதற்குத்தானா? தூக்கம் கெட வேண்டாம் என்றா? இல்லை, அம்மா இதையெல்லாம் தாங்க மாட்டாள் என்று என்றைக்கோ முடிவு கட்டிவிட்டாளா? வராந்தாவில் சிரிப்புச் சத்தம் நெருங்கி வந்தது, அதில் மகளுடையது எது என்று பிரித்தறிய முடியவில்லை. "ரெண்டு குழுவும் வருதே, நாற்காலியை ஒரே வட்டமா போடவா சிஸ்டர், ரெண்டா?" என்று கேட்டாள் வாயாடி. மகள் ஒண்ணுமில்லம்மா என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, நேற்று ராத்திரிகூடத் தான் நன்றாகத் தூங்கினோம் என்பது மட்டும் இவளுக்கு நினைவுக்கு வந்தது.